ஏழு மணி நேரச் சோறு

அலுவலகத்தில் பாட்லக் என்று குழுவில் செய்தி வந்ததும் எல்லோரும் "என்ன செய்வது?" என்றுதான் யோசிக்கிறார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறார்கள்? பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் வேலை பார்ப்பவர் ஏழே காலுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் ஆறு மணிக்குள் அடுப்பை அணைத்திருக்க வேண்டும். காலையில் இரண்டு மீட்டிங், அதில் ஒன்று வழக்கம்போல் நீண்டு, பாத்திரங்களின் மூடி திறக்கும்போது மணி ஒன்று. நடுவில் ஏழு மணி நேரம். மாதமோ சித்திரை.

கல்யாணச் சமையல்காரருக்குக்கூட இப்படி ஒரு சோதனை கிடையாது. அவர் இறக்கி வைத்த கையோடு பந்தி போட்டுவிடுவார்கள். பாட்லக்கில் உங்கள் சமையலின் தரம் அடுப்பில் முடிவாவதில்லை, அதன் பிறகு வரும் ஏழு மணி நேரத்தில்தான் முடிவாகிறது. காலையில் மொறுமொறுவென்றிருந்த மெதுவடை மதியம் பஞ்சாகிவிடும். பூரி தோலாகிவிடும். வெண்பொங்கலைக் கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். இந்த வரிசையில், வீட்டில் இருந்ததைவிடச் சற்று நன்றாகவே வந்து சேரும் ஒரு பண்டம் உண்டு. புத்தாண்டை ஒட்டிய நாட்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கொண்டுவருவது: மாங்காய் சாதம். அது ஏன் தப்பிக்கிறது என்று பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. தப்பிக்காமல் போகும் வழிகளும் உண்டு, அவற்றையும் பார்க்க வேண்டும்.

மாங்காயிலிருந்து தொடங்கலாம். தை மாதத்தில் பூத்த மரம் பங்குனி, சித்திரையில் காயோடு நிற்கிறது. இந்தப் பருவத்தில் காய்க்குள் இருப்பது மாவுச்சத்தும் அமிலமும்தான். சர்க்கரை மிகக் கொஞ்சம். அமிலங்களில் முதலிடம் சிட்ரிக் அமிலத்துக்கு, அடுத்தது மாலிக் அமிலம். எலுமிச்சைக்குப் புளிப்பைத் தருவதும், ஆப்பிளுக்குப் புளிப்பைத் தருவதும் இங்கே ஒரே காயில் சேர்ந்திருக்கின்றன. பழுக்கத் தொடங்கியதும் மாவுச்சத்து சர்க்கரையாக உடைகிறது, அமிலங்களைக் காயின் செல்களே சுவாசத்தில் எரித்துத் தீர்க்கின்றன. கொட்டை முற்றும்வரை அணிலும் வௌவாலும் கிட்டே வராமல் இருக்க மரம் செய்து வைத்த ஏற்பாடு இந்தப் புளிப்பு. நுண்ணுயிர்களை விரட்ட நாம் அதையே கடன் வாங்குகிறோம்.

எல்லா மாங்காயும் இதற்கு ஆகாது. சந்தையில் நீளமாக, நுனி வளைந்து கிடக்கும் கிளிமூக்கு மாங்காய் பார்க்க அழகு. கிருஷ்ணகிரிப் பக்கம் அதை மலைமலையாக விளைவித்துக் கூழ் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். கடற்கரையில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கடிப்பதற்கு அதை விடச் சிறந்த காய் இல்லை, ஏனென்றால் அதன் புளிப்பு மிதமானது. அதே காரணத்தால் ஏழு மணி நேரச் சோற்றுக்கு அது தோதுப்படாது. பல் கூசும் நாட்டு மாங்காய்தான் வேண்டும். காம்பைக் கிள்ளும்போது பீய்ச்சும் பாலைத் துடைத்துக் கழுவிவிட்டு, தோலைச் சீவிவிடுங்கள். மாவும் முந்திரியும் சேரான்கொட்டையும் ஒரே குடும்பம். அந்தப் பாலிலும் தோலிலும் உள்ள பிசின் பொருட்கள் சிலருக்கு உதட்டோரம் கொப்புளம் வரவழைக்கும்.

இனி சோறு. எலுமிச்சை சாதமோ புளியோதரையோ மாங்காய் சாதமோ, எதிலும் பத்தில் ஒன்பது பங்கு சோறுதான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

அரிசி மண்ணிலிருந்து வருவது. மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவும் அதோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. 1887இல் பெர்சி ஃபிராங்க்லாண்ட், கிரேஸ் ஃபிராங்க்லாண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதி முதலில் விவரித்த உயிர் இது. நிலைமை சரியில்லை என்றால் இது வித்தாக மாறிச் சுருண்டுகொள்ளும். அரிசியை நான்கு முறை களைந்தாலும் வித்து போகாது. கொதிக்கும் உலையிலும் சாகாது. சொல்லப்போனால் உலையின் சூடுதான் அதைத் தட்டி எழுப்புகிறது. சோறு வெந்து, மற்ற நுண்ணுயிர்கள் எல்லாம் செத்து, ஈரமும் மாவுச்சத்தும் நிறைந்த இடத்தில், போட்டிக்கு ஆளே இல்லாமல் இது கண் விழிக்கிறது.

1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள் சில மணி நேரத்திலேயே வாந்தியெடுத்த சம்பவங்கள் அடுத்தடுத்து வந்தன. விசாரித்ததில் காரணம் மீனோ கோழியோ இல்லை, சோறு. உணவகக்காரர்கள் அண்டாக் கணக்கில் சோறாக்கி இரவு முழுவதும் வெளியிலேயே விட்டு வைத்து, மறுநாள் வேண்டியபோது அள்ளி வாணலியில் புரட்டித் தந்திருக்கிறார்கள். புரட்டிய சூட்டில் பாக்டீரியா செத்திருக்கும். ஆனால் அதற்குள் அது செரியுலைடு என்ற நஞ்சைச் சோற்றில் விட்டுவிட்டது. செரியுலைடை 121 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்தாலும் சிதையாது. அலுவலக பேன்ட்ரியில் உள்ள மைக்ரோவேவ் அதை ஒன்றும் செய்யப் போவதில்லை. "எதுவானாலும் நன்றாகச் சூடு பண்ணினால் சரியாகிவிடும்" என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. சோற்றின் விஷயத்தில் அந்த நம்பிக்கையைக் கைவிடுவது நல்லது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வித்துகள் விழித்த பிறகு, வெதுவெதுப்பான சோற்றில் அரை மணிக்கொரு முறை எண்ணிக்கை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு மணி நேரத்தில் 14 இரட்டிப்பு, அதாவது 16,384 மடங்கு. கிராமுக்குப் பத்து என்று தொடங்கியது ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும். கிராமுக்கு ஒரு லட்சம் என்ற அளவிலிருந்தே ஆபத்து என்கிறார்கள். வித்து விழிக்கச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால் உண்மையில் எண்ணிக்கை இதைவிடக் குறையலாம். ஆனால் சென்னையின் சித்திரையில் இந்தப் பாக்டீரியாவுக்குப் பிடித்த 30 முதல் 37 டிகிரி வரையான வெப்பத்தை யாரும் தேடிப் போக வேண்டியதில்லை, அறையிலேயே இருக்கிறது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள், 60 டிகிரிக்கு மேலோ 5 டிகிரிக்குக் கீழோ வையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஐந்து விதிகள் சொல்வது இதனால்தான்.

60 டிகிரிக்கு மேல் வைக்க ஹாட்பாக்ஸ் இருக்கிறதே என்று தோன்றும். பாட்லக்குக்கு ஹாட்பாக்ஸில் சோறு கொண்டுவருவதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை என்பேன். நம் வீட்டு ஹாட்பாக்ஸ் சூட்டைக் காப்பாற்றுவதில்லை, சூடு இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஏழு மணிக்கு 75 டிகிரியில் மூடியது பதினோரு மணிவாக்கில் நாற்பதுகளுக்கு வந்து, அங்கேயே நெடுநேரம் நிற்கும். பாக்டீரியா வளர்க்க ஆய்வகத்தில் இதற்கென்றே ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். நாம் அதை மூடி போட்டு, பூப்படம் ஒட்டி, கல்யாணத்துக்குப் பரிசாகவும் கொடுக்கிறோம்.

அப்படியானால் ஆற வைக்க வேண்டும், அதுவும் சீக்கிரம் ஆற வைக்க வேண்டும். மாங்காய் சாதம் கிளறும் எந்தப் பாட்டியும் முதலில் செய்வது சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டிப் பரத்தி, மேலே நல்லெண்ணெயைச் சுற்றி ஊற்றுவது. பருக்கை ஒட்டாமலிருக்க என்றுதான் காரணம் சொல்வார்கள். அதோடு இன்னொன்றும் நடக்கிறது. சோற்றுக் குவியலின் நடுவிலிருந்து வெப்பம் வெளியேற ஆகும் நேரம் அதன் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நான்கு அங்குலக் கனத்தை இரண்டாக்கினால் நேரம் பாதியாவதில்லை, கால்பங்காகிறது. ஒரு அங்குலமாக்கினால் பதினாறில் ஒரு பங்கு. மின்விசிறிக்கடியில் தாம்பாளத்தை வைத்தால் ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தையும் சேர்த்து எடுத்துப் போகும். பருக்கையின் மேல் ஈரம் குறைவதும் நமக்கு லாபமே. ஆறாத சோற்றைச் சம்படத்தில் அடைத்து மூடினால் மூடியின் அடியில் நீர் வியர்த்து, சொட்டுச் சொட்டாகத் திரும்ப விழும். மதியம் மூடியைத் திறந்ததும் மேலாக ஈரமாக, சற்றுக் கொழகொழவென்று ஒரு படலம் தெரிகிறதே, அது இப்படி வந்தது. கெடுதல் தொடங்குவதும் அங்கேதான்.

முதல் நாள் இரவே சோறாக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன? பாதுகாப்பைப் பொறுத்தவரை தவறில்லை. ருசியைப் பொறுத்தவரை நட்டம். அரிசி மாவுச்சத்தில் இரண்டு வகை மூலக்கூறுகள்: கிளைகளே அநேகமாக இல்லாத அமைலோஸ், கிளை கிளையாகப் பரந்த அமைலோபெக்டின். வேகும்போது இரண்டும் தண்ணீரைக் குடித்து அவிழ்ந்துவிடுகின்றன. ஆறும்போது அமைலோஸ் இழைகள் சில மணி நேரத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக்கொண்டு, தமக்கிடையில் இருந்த தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. அமைலோபெக்டின் அதே வேலையை நாள்கணக்கில் நிதானமாகச் செய்கிறது. இந்த அடுக்கு வேலை மிக வேகமாக நடக்கும் வெப்பநிலை, உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃபிரிட்ஜின் வெப்பநிலை. அந்தச் சீன உணவகங்கள் சோற்றை ஃபிரிட்ஜில் வைக்கத் தயங்கியதும் விறைத்துக் கட்டியாகிவிடும் என்ற பயத்தில்தான்.

இதே விறைப்பு அளவோடு இருந்தால் மாங்காய் சாதத்துக்கு நல்லது. தாம்பாளத்தில் ஆறும் அரை மணியில் பருக்கைகள் தனித்தனியாக நிமிர்ந்துகொள்கின்றன, கிளறினால் உடைவதில்லை. பழைய அரிசியாக இருந்து, குக்கரில் குழைக்காமல் கஞ்சி வடித்திருந்தால் இன்னும் நல்லது. ஒட்டுவதற்குக் காரணமான மாவுச்சத்தில் ஒரு பங்கு கஞ்சியோடு போய்விடும். அவசரக் காலையில் யார் சோறு வடிப்பார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. குக்கர்தான் என்றால் தண்ணீரைக் கால் டம்ளர் குறையுங்கள்.

சீக்கிரம் ஆற வைத்தாலும் சோறு அறை வெப்பத்தில்தான் இருக்கப் போகிறது. மீதமுள்ள நேரத்துக்கு அதைக் காப்பது மாங்காயின் அமிலம். அமிலத்தன்மையை பிஎச் என்ற அளவால் குறிக்கிறார்கள், எண் குறையக் குறையப் புளிப்பு ஏறும். வெறும் சோறு ஏறக்குறைய நடுநிலை, 6க்கும் 7க்கும் இடையில். புளிப்பான மாங்காய் 3ஐ ஒட்டி இருக்கும். பேசில்லஸ் சீரியஸுக்கு 5க்குக் கீழே வந்தாலே மூச்சுத் திணறும், 4.3ஐ நெருங்கும்போது வளர்ச்சி நின்றுவிடும். ஜப்பானியச் சுஷிக் கடைகள் வினிகர் கலந்த சோற்றை மணிக்கணக்கில் வெளியில் வைத்திருப்பதும் இந்தத் தைரியத்தில்தான். அமெரிக்காவில் சுகாதார அதிகாரிகள் அந்தச் சோற்றின் பிஎச்சை அளந்து பார்த்த பிறகே அதற்கு அனுமதி தருகிறார்கள்.

பாக்டீரியா செல்லின் உட்புறம் கிட்டத்தட்ட நடுநிலையில் இருந்தால்தான் அதன் நொதிகள் வேலை செய்யும். வெளியில் அமிலம் கூடும்போது ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே கசிகின்றன. செல் அவற்றை ஒவ்வொன்றாக வெளியே தள்ளியாக வேண்டும். ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பவன் துடுப்புப் போட முடியாதது போல, உள்ள சக்தியெல்லாம் இறைப்பதிலேயே செலவாகிவிட்டால் வளர்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் இதில் கொஞ்சம் தந்திரசாலி. பிஎச் 4.76இல் அதன் மூலக்கூறுகளில் பாதி உடையாமல் முழுதாக இருக்கும். மின்னேற்றம் இல்லாததால் செல்லின் சவ்வை எளிதாகக் கடந்து, உள்ளே போய் உடைந்து அயனியை விடும். மாங்காயின் சிட்ரிக், மாலிக் அமிலங்களும் புளியின் டார்டாரிக் அமிலமும் அந்த பிஎச்சில் பெரும்பாலும் உடைந்தே இருக்கின்றன. ஒரே அளவு புளிப்பில் மோதவிட்டால் வினிகருக்குத்தான் வெற்றி. மாங்காய் அளவால்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஆகவே கஞ்சத்தனம் கூடாது. "சின்ன மாங்காய் ஒன்று போதும், வாசனைக்குத்தானே" என்று செய்யும் சாதத்தை வீட்டில் சுடச்சுடச் சாப்பிடுங்கள், பயணத்துக்கு அனுப்பாதீர்கள். வாயில் வைத்ததும் தெளிவாகப் புளிக்க வேண்டும். அந்தப் புளிப்பு எல்லாப் பருக்கைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது அதைவிட முக்கியம். உதிராத சோற்றுக்கட்டி ஒன்று உள்ளே இருந்தால், அதன் மேல்புறம் மஞ்சளாக இருக்கும், உடைத்தால் நடுவில் வெள்ளை தெரியும். அந்த வெள்ளைப் பகுதியில் அமிலம் இல்லை. வெளியே எவ்வளவு புளித்தாலும் உள்ளே பாக்டீரியாவுக்குத் தடையில்லை. மஞ்சள்தூள் நிறத்துக்காக மட்டுமல்ல, கலந்தது சரியா என்று காட்டிக் கொடுப்பதற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். துருவலைப் பச்சையாகக் கலக்காமல் தாளிப்பில் போட்டு இரண்டு நிமிடம் வதக்கினால் செல்கள் உடைந்து சாறு விடும், சாறு பரவுவது எளிது. உப்பைப் பற்றி ஒரு வரி: சாதத்தில் போடும் உப்பு ருசிக்கு மட்டுமே. வடுமாங்காய் ஜாடியில் இருக்கும் அளவு உப்பு இருந்தால்தான் அது காவல் காக்கும், அந்த அளவு உப்புச் சாதத்தை ஒருவரும் தொடமாட்டார்கள்.

கலக்குவது எதனால்? கரண்டிக் காம்பால். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. கையால் பிசைந்தால்தான் மணம் என்பார்கள். பத்தில் மூன்று பேரின் மூக்கில் ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது, அவர்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. மூக்கிலிருந்து விரலுக்கு, விரலிலிருந்து சோற்றுக்கு. இதுவும் சூட்டில் சிதையாத நஞ்சை விடும் ரகம். பேசில்லஸ் சீரியஸைவிடப் புளிப்பையும் உப்பையும் நன்றாகத் தாங்கும். நாலு பேர் வீட்டில் கை நன்றாகக் கழுவிப் பிசைந்து உடனே சாப்பிடுவது வேறு, முப்பது பேருக்கு ஏழு மணி நேரம் கழித்துப் பரிமாறுவது வேறு.

தாளிப்புக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி இது. நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு வெடிக்கிறது. உள்ளேயிருக்கும் துளி ஈரம் ஆவியாகித் தோலைக் கிழிப்பதுதான் அந்தச் சத்தம். கடுகின் காரம் கடுகுக்குள் காரமாக இருப்பதில்லை. சினிக்ரின் என்ற பொருள் ஓர் அறையில், மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் அறையில். கடுகை நசுக்கி ஈரம் பட்டால்தான் இரண்டும் சந்தித்து, மூக்கில் ஏறும் அலைல் ஐசோதயோசயனேட் உண்டாகும். கொதிக்கும் எண்ணெயில் நொதி ஒரு நொடியில் செத்துவிடுவதால் வெடித்த கடுகில் காரம் இல்லை, வறுத்த பருப்பின் மணம் மட்டுமே. ஆந்திரத்தில் ஆவ புளிஹோர என்று ஒன்று செய்வார்கள், கடுகைப் பச்சையாக அரைத்துச் சேர்ப்பார்கள். கன்னடத்து மாவினகாயி சித்ரான்னத்திலும் அரைத்த கடுகு உண்டு. அங்கே அந்தக் காரம் முழுசாக வருகிறது, அந்தக் காரம் நுண்ணுயிர்களுக்கும் ஆகாது. வெறும் தண்ணீரில் அரைத்த கடுகின் காரம் சில மணி நேரத்தில் சோர்ந்துவிடும். புளிப்பான இடத்தில் அது நெடுநேரம் நிற்கும். மாங்காயும் பச்சைக் கடுகும் எவ்வளவு பொருத்தம் என்று, தாளித்தே பழகிய நாமும் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

கன்னடத்துச் செய்முறையில் தேங்காயும் உண்டு, நம்மூரிலும் பலர் ஒரு கைப்பிடி போடுகிறார்கள். பாட்லக்குக்கு வேண்டாம். தேங்காய்த் துருவலில் ஈரமும் இனிப்பும் கொழுப்பும் ஒருசேர இருக்கின்றன. கொழுப்பில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். நுண்ணுயிர்களின் நொதிகள் அதைக் கொழுப்பிலிருந்து பிரித்துவிட்டால் சோப்பு வாடை வரும். மதியச் சாப்பாட்டில் "என்னமோ மாதிரி இருக்கே" என்று யாராவது முகம் சுளித்தால் பழி பெரும்பாலும் தேங்காயின் மேல்தான்.

வறுத்த நிலக்கடலையையும் கடலைப்பருப்பையும் காலையிலேயே சேர்க்காதீர்கள். ஈரமான சோற்றிலிருந்து காய்ந்த பருப்புக்குள் நீர் போய்க்கொண்டே இருக்கும், ஒரு மணிக்குள் கடலை நமத்துவிடும். சின்ன டப்பாவில் தனியாகக் கொண்டுபோய்ப் பரிமாறும்போது தூவுங்கள். அதில் இன்னொரு சௌகரியமும் உண்டு, நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர் அதைத் தவிர்த்துக்கொள்ளலாம். பாத்திரத்தின் முன்னால் ஒரு துண்டுச் சீட்டில் என்னென்ன போட்டிருக்கிறது என்று எழுதி வைப்பது நம் அலுவலகங்களில் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. பூண்டு சேர்க்காத சமண நண்பர் ஒவ்வொரு பாத்திரமாகக் கேட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தும் வரவில்லை.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அதில் உள்ள குரோமியம் மேற்பரப்பில் ஒரு மெல்லிய ஆக்சைடு படலமாக நிற்கிறது, மாங்காயின் அமிலம் அதை ஊடுருவாது. அலுமினியத்தை அமிலம் அரிக்கும். ஈயம் பூசாத பித்தளையில் செம்பு கரைந்து வரும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டரின் இருக்கைக்கடியிலோ வெயிலில் நிறுத்தும் காரிலோ வேண்டாம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் நிழலிலேயே 45 டிகிரி பதிவான ஊர் இது. அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் பேன்ட்ரி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு வெளியே எடுப்பது இன்னும் உத்தமம். அந்த மூன்று நான்கு மணி நேரத்தில் சோறு கொஞ்சம் விறைக்கத்தான் செய்யும், எண்ணெய் பூசியிருப்பதால் கட்டியாகாது.

ஒரு மணி. எல்லாப் பாத்திரமும் திறந்தாயிற்று. சர்க்கரைப் பொங்கல் காலையில் வீட்டில் இனித்த அளவுக்கு இப்போது இனிக்கவில்லை என்று கொண்டுவந்தவருக்கு வருத்தம். வெல்லம் குறைந்துவிடவில்லை. நாக்கில் இனிப்பு, கசப்பு, உமாமி ஆகிய மூன்றையும் மூளைக்குச் சொல்லும் வழியில் டிஆர்பிஎம்5 என்றொரு கதவுப் புரதம் இருக்கிறது. அது வெப்பத்துக்கு ஏற்பத் திறப்பது, 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போகும்போது அதன் வேலை பல மடங்கு கூடுகிறது என்று 2005இல் கண்டறிந்தார்கள். குளிர்ந்த அறையில் ஆறிப்போன பொங்கல் அங்கேதான் தோற்கிறது. புளிப்புக்கு அந்தப் புரதத்தின் தயவு வேண்டாம். புளிப்பை உணர்வது ஓட்டாப்1 என்ற வேறொரு புரதம், ஹைட்ரஜன் அயனிகளை நேரடியாக உள்ளே விடும் குழாய் அது. அதனால் ஆறிய மாங்காய் சாதம் ஆறிய பொங்கலைப் போல மங்குவதில்லை. மூடி திறக்கும்போதே வாயில் நீர் ஊறுகிறதே, அதுவும் வீணில்லை. எல்லாச் சுவைகளிலும் உமிழ்நீரை அதிகம் சுரக்க வைப்பது புளிப்புதான். அந்த உமிழ்நீரில் உள்ள பைகார்பனேட் அமிலத்தைத் தணித்துப் பற்களைக் காக்கிறது.

பக்கத்துப் பாத்திரத்தில் தயிர் சாதம். அதைக் கொண்டுவந்தவர் கெட்டிக்காரராக இருந்தால் காலையில் ஆறிய சோற்றில் பாலைத்தான் நிறைய ஊற்றியிருப்பார், தயிர் இரண்டு கரண்டி. வழியிலேயே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பாலைத் தயிராக்கிக்கொண்டு வரும். மதியம் புளிக்காத, தளர்வான தயிர் சாதம் கிடைக்கும். மாங்காய் சாதத்தில் அமிலத்தை வெளியிலிருந்து கொண்டுவந்தோம், இங்கே அமிலம் பாத்திரத்துக்குள்ளேயே தயாராகிறது. இடத்தை நல்ல பாக்டீரியா முதலில் பிடித்துக்கொள்வதால் மற்றதற்கு வழியில்லை. உறை தயிர் துடிப்பாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. சுண்டலுக்கும் வெண்பொங்கலுக்கும் இந்த இரண்டு காவலும் கிடையாது. அவற்றைக் கொண்டுவருவதானால் அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு இருக்க வேண்டும்.

இத்தனை பாத்திரங்களுக்கு முன்னால் நிற்கும்போது வழக்கத்தைவிட அதிகம் சாப்பிட்டுவிடுவது பேராசையால் அல்ல. ஒரே பண்டத்தைத் தின்னத் தின்ன அதன் மேல் மட்டும் விருப்பம் குறைகிறது, தொடாத பண்டத்தின் மேல் அப்படியே இருக்கிறது என்பதை 1980களின் தொடக்கத்தில் பார்பரா ரோல்ஸும் அவருடைய குழுவினரும் சோதனைகளில் காட்டினார்கள். பதினைந்து பண்டம் இருந்தால் பதினைந்து முறை பசிக்கிறது. இன்னொரு சோதனை அலுவலகத்துக்கு நேரடியாகப் பொருந்துவது. கேட்லின் வூலியும் அயலெட் ஃபிஷ்பாக்கும் 2019இல் வெளியிட்டது. அறிமுகமில்லாத இருவரை உட்கார வைத்து, சிலருக்கு ஆளுக்கொரு கிண்ணத்திலும் சிலருக்கு இருவருக்கும் சேர்த்து ஒரே கிண்ணத்திலும் தின்பண்டம் கொடுத்தார்கள். பிறகு முதலாளி தரப்பு, தொழிலாளி தரப்பு என்று பிரித்துச் சம்பளப் பேச்சுவார்த்தை நடத்தச் சொன்னார்கள். ஒரே கிண்ணத்தில் எடுத்துத் தின்றவர்கள் சீக்கிரம் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஒரே கிண்ணத்தில் எடுக்கும்போது மற்றவர் எவ்வளவு எடுக்கிறார், மிச்சம் எவ்வளவு என்று கவனித்து விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது, அந்தப் பழக்கம் பேச்சிலும் தொடர்கிறது என்பது அவர்கள் விளக்கம். வருடா வருடம் சிப்ஸ் பாக்கெட்டோடு வந்து நிற்கும் மேலாளர்கள் இந்த ஆய்வைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மீந்த மாங்காய் சாதத்தை என்ன செய்வது? மூன்று மணிக்குப் பசியோடு வருபவர் யாராவது இருந்தால் அப்போதே கொடுத்துவிடுங்கள். பல கரண்டிகள் போய் வந்த பாத்திரம் அது. வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், காலையில் போட்ட அமிலக் கணக்கு அவ்வளவு தூரத்துக்குப் போட்டதல்ல.

சட்டையில் சிந்தியிருந்தால் வாஷ்பேசினில் சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். மஞ்சளின் குர்குமின் அமிலத்தில் மஞ்சளாகவும் காரத்தில் சிவப்பாகவும் இருப்பது. சோப்பு பட்டதும் கறை ரத்தம் மாதிரி சிவந்து, நாலு மணி மீட்டிங்கில் எல்லோர் கண்ணும் அதன் மேல்தான் இருக்கும். எலுமிச்சைத் துண்டு கிடைத்தால் தேய்த்துப் பாருங்கள், சிவப்பு மறுபடி மஞ்சளாகும். வீட்டில் துவைத்து நேர் வெயிலில் காயப் போட்டால் குர்குமின் ஒளியில் சிதைந்து வெளிறிவிடும். அதற்கு வேண்டிய வெயில் இந்த மாதத்தில் ஏராளம்.